ஓர்கா பார்க்க எந்த வழி: விசைப்படகா, கரைப்பாறையா, கயாக்கா?

ஜூன் பிறந்துவிட்டால் டொரன்டோவில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "வான்கூவர் வர்றோம், ஓர்கா பார்க்காம திரும்பக் கூடாது, நல்ல படகா ஒண்ணு சொல்லு." கொலைகாரத் திமிங்கிலம் என்று பழைய பெயர் கொண்ட கறுப்பு வெள்ளைக் கடல்விலங்குதான் ஓர்கா. நான் கனடாவின் இந்த மேற்குக் கரையில் 11 வருஷமாக இருக்கிறேன். படகிலும் போயிருக்கிறேன், கரையில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன், கயாக்கில் துடுப்புப் போட்டும் பார்த்திருக்கிறேன். அதனால் படகின் பெயரைச் சொல்லும் முன் நான் எல்லோரிடமும் கேட்பது, உங்களுக்குப் படகு கட்டாயம் வேண்டுமா என்பதுதான். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த ஓர்காவைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா கரையை ஒட்டி முக்கியமாக மூன்று ஓர்காக் கூட்டங்கள் சுற்றுகின்றன. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை, சாப்பாடும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. வான்கூவர், விக்டோரியா பக்கம் தலைமுறை தலைமுறையாக வந்துபோவது தெற்குக் கூட்டம். ஜே, கே, எல் என்று மூன்று குடும்பங்கள், எல்லாம் சேர்த்து சுமார் 75 உயிர்கள்தான். 2003-லிருந்து அழியும் நிலையில் உள்ளவை என்று கனடா சட்டத்தில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. வான்கூவர் நகருக்கு எதிரே இருக்கும் வான்கூவர் தீவின் வடபகுதியில் கோடையில் வருவது வடக்குக் கூட்டம், அது 300-ஐத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு கூட்டங்களும் மீன் மட்டுமே தின்பவை. மூன்றாவது கூட்டத்துக்கு பிக்ஸ் ஓர்கா என்று பெயர். கடல்நாய், கடற்சிங்கம் போன்றவற்றை வேட்டையாடுபவை இவை. கடல்நாய்களைக் கொல்வதை 1970-ல் தடை செய்தபிறகு அவை பெருகின, அவற்றைத் தின்னும் பிக்ஸ் ஓர்காவும் பெருகியது.

தெற்குக் கூட்டம் மட்டும் ஏன் பெருகவில்லை? சினூக் சால்மன் என்ற மீன் குறைந்துவிட்டது. அதுதான் அவற்றுக்குச் சோறு. பழைய காலத்து ரசாயனக் கழிவுகள் கொழுப்பில் தங்கிக் குட்டிகளுக்குப் பாலோடு போகின்றன. மூன்றாவது காரணம் சத்தம். எந்த வழியில் போய்ப் பார்ப்பது என்ற நம் கேள்வியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான்.

இந்தக் கடல் பச்சைக் கலங்கல், கொஞ்ச தூரத்துக்கு மேல் கண்ணை நம்ப முடியாது. ஓர்கா காதால்தான் வேட்டையாடுகிறது. டிக் டிக் என்று ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. சினூக்கா வேறு சால்மனா என்பதைக்கூட எதிரொலியிலேயே பிரித்தறிகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்தில் ஒரு என்ஜின் உறுமிக்கொண்டிருந்தால் அந்த எதிரொலி அமுங்கிப் போகிறது. படகுகள் சுமார் 400 கெஜத்துக்குள் வந்தால் பெண் ஓர்காக்கள் இரை தேடுவதையே பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்று உடம்பில் கருவி ஒட்டிச் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆண் ஓர்காவைவிடப் பெண்தான் அப்படி அதிகம் விலகுகிறது என்பதுதான் கவலை, பால் கொடுக்க வேண்டியவள் அவள். ஜே35 என்ற தாய் 2018-ல் செத்த குட்டியை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டு நீந்தியதை அப்போது செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவள் இந்தக் கூட்டம்தான்.

சரி, விசைப்படகு. விக்டோரியா துறைமுகத்திலிருந்தும் வான்கூவர் பக்கமிருந்தும் தினமும் கிளம்புகின்றன. மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை, ஆளுக்கு 150 டாலரை ஒட்டி அல்லது அதற்கும் மேல். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சோடியாக் என்னும் ரப்பர் படகு, திறந்தவெளி, சிவப்பு மிதவை உடுப்பை மாட்டிவிடுவார்கள், அலைக்கு அலை இடுப்பு எலும்பு பேசும். இன்னொன்று கூரை போட்ட பெரிய படகு, கழிப்பறையும் காப்பியும் உண்டு. அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள், முட்டிவலிக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், பெரிய படகுதான். ஏதோ ஒரு திமிங்கிலத்தைப் பார்த்துவிடுவதற்கான வாய்ப்பும் இதில்தான் அதிகம், ஏனென்றால் படகோட்டிகள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்கிறார்கள்.

என் முதல் பயணம் 2016-ல், சோடியாக்கில். ஒரு தாய், கூடவே ஒரு குட்டி. நான் எண்ணியபோது சுற்றி ஒன்பது படகுகள் நின்றன. எங்கள் ஓட்டுநர் நல்ல மனிதர், என்ஜினை அணைத்துவிட்டு, "இப்போ அவங்க பேசுறதைக் கேக்கலாம்" என்று, தண்ணீருக்கடியில் சத்தம் பிடிக்கும் மைக்கான ஹைட்ரோஃபோனை உள்ளே இறக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தோம். கேட்டது அடுத்த படகின் என்ஜின் விசிறிச் சத்தம். அது போனதும் அதற்கடுத்த படகு. இரண்டு நிமிஷம் போலக் காத்திருந்துவிட்டு அவர் வயரைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குட்டி வாழ்நாள் முழுக்கக் கேட்கப் போவது இதைத்தானே என்று அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது. இன்றைக்கும் விசைப்படகு என்றதும் எனக்கு முதலில் அந்த ஸ்பீக்கர்தான் ஞாபகம் வரும்.

நிலைமை அதற்குப்பின் மாறியிருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். தெற்குக் கடல்பகுதியில் ஓர்காவை 400 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று 2019-ல் விதி வந்தது. அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனங்கள் தெற்குக் கூட்டத்தைத் தேடிப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டன, பதிலுக்கு பிக்ஸ் ஓர்காவை 200 மீட்டர் வரை பார்க்க அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்தில் 2025 தொடக்கத்திலிருந்து தெற்குக் கூட்டத்துக்கு 1000 கெஜம். கனடாவின் விதிகளைப் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கிறார்கள், ஆகவே கிளம்பும் முன் அந்த வருஷத்து அளவு என்ன என்று பார்த்துவிடுங்கள். படகுக்காரர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்: திமிங்கிலம் இருக்கும் இடத்தில் அவர்கள் படகு நிற்பதைப் பார்த்துத்தான் பல சொந்தப் படகுக்காரர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் வார இறுதியில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஓர்காவின் மேலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். இது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே படகுதான் என்று முடிவு செய்தால் புக் பண்ணும் முன் போன் செய்து கேளுங்கள். தெற்குக் கூட்டம் எதிர்ப்பட்டால் என்ன செய்வீர்கள்? "விலகிப் போய்விடுவோம்" என்று உடனே பதில் வரவேண்டும். ஓர்கா இல்லாமல் கூன்முதுகுத் திமிங்கிலம் (ஹம்ப்பேக்) மட்டும் கிடைத்தால் போதும் என்று சொல்லும் பயணிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள், சந்தோஷப்படுகிறவர்கள் நல்லவர்கள். "கிட்டப் போய்க் காட்டுவோம்" என்று ஆசை காட்டுகிறவர்களிடம் போகவே வேண்டாம்.

அடுத்தது கரை. என் மனசுக்கு நெருக்கமானது இதுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது. சாட்டர்னா தீவின் கிழக்கு முனை. விக்டோரியாவுக்குப் பக்கத்து ஸ்வார்ட்ஸ் பே துறையிலிருந்து ஃபெர்ரி, சில நேரம் மேய்ன் தீவில் இறங்கி மாற வேண்டியிருக்கும். கல்ஃப் தீவுகள் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி அது. அலை அரித்து அரித்துத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகிப் போன மணற்கல் பாறை, அதன் கீழேயே கெல்ப் பாசிக்காடு, அதை ஒட்டியே ஆழம். சால்மனைத் துரத்திக்கொண்டு வரும் ஓர்கா பாறைக்குக் கல்லெறி தூரத்தில்கூடப் போகும். 2019-லிருந்து கோடைக்காலங்களில் இந்த முனையை ஒட்டிய கடல்துண்டுக்குள் படகுகள் வரக்கூடாது என்று தடை போட்டு வருகிறார்கள். பெரிய சரக்குக் கப்பல்கள் எதிரே பவுண்டரி பாஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். வான்கூவர் துறைமுகம் நடத்தும் திட்டத்தில் அவற்றில் பெரும்பாலானவை விருப்பப்பட்டு வேகம் குறைத்துப் போகின்றன. 2017-ல் பக்கத்து ஹாரோ நீரிணையில் தொடங்கியது அது.

அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1964-ல் வான்கூவர் மீன் காட்சிசாலைக்கு ஓர்கா சிலை செய்ய மாதிரி வேண்டும் என்று ஒரு சிற்பியை அனுப்பினார்கள், ஒன்றைக் கொன்று கொண்டுவருவதற்காக. இதே முனையில்தான் ஈட்டிப் பீரங்கியோடு காத்திருந்தார்கள். ஈட்டி பாய்ந்தது, ஆனால் சாகவில்லை. கயிற்றோடு வான்கூவர் வரை இழுத்துப்போய்க் கூண்டில் வைத்தார்கள். பெண் என்று நினைத்து மோபி டால் என்று பெயர் வைத்தார்கள், செத்தபிறகுதான் ஆண் என்று தெரிந்தது. மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அதைப் பார்த்த ஜனங்களுக்கு, கொலைகார மிருகம் என்று அதுவரை சுட்டுக்கொண்டிருந்த உயிர் எவ்வளவு சாது என்று தெரிந்துபோனது. அந்தப் பிரியமே அடுத்த ஆபத்தாகவும் முடிந்தது, காட்சித்தொட்டிகளுக்கு என்று அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பிடித்ததும் பிடிக்கும்போது செத்ததுமாகத் தெற்குக் கூட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 50 உயிர்கள் போயின. பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள், வளர்ந்து குட்டி போட வேண்டியவர்கள். இன்றைய 75-ஐப் பார்க்கும்போது அந்த 50-ஐயும் சேர்த்தே எண்ண வேண்டும். பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்கச் சங்கு ஊதுவதற்காக முனையில் கட்டிய பழைய கட்டடத்தில் மோபி டால் கதையைப் படங்களோடு வைத்திருக்கிறார்கள், கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள்.

கரையின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: ஓர்கா வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நான் நாலு முறை போனதில் இரண்டு முறை ஒன்றுமே இல்லை, கடல்நாய்த் தலைகளும் கழுகும்தான். ஒருமுறை தூரத்தில் முதுகுத்துடுப்புகள். நாலாவது முறை செப்டம்பர் மாதம், சாயங்காலம், காற்று இல்லை. கட்டுச்சோற்றைப் பிரித்துக் கையில் எடுத்திருந்தேன். ஃபூஷ் என்று ஒரு சத்தம், பிரஷர் குக்கர் விசில் போடும் முன் மூச்சு விடுமே அந்த மாதிரி, ஆனால் அகலமாக. திரும்பினால் ஆளுயரத் துடுப்பு ஒன்று பாசிக்காட்டின் விளிம்பில் கறுப்பாக எழுந்து சாய்ந்தது. பின்னாலேயே நாலு சின்னது. மூச்சு விட்ட ஆவி அப்படியே காற்றில் நின்றது, அடுத்த மூச்சு வரும்வரை கலையவில்லை. பக்கத்துப் பாறையில் இருந்த தீவுக்காரப் பெண்மணி நேரம், திசை, எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார், கை நடுங்கவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது. ஏழெட்டு நிமிஷம்தான். எந்த என்ஜினும் இல்லாமல் அவற்றின் மூச்சை மட்டும் நான் முழுசாகக் கேட்டது அப்போதுதான்.

செலவு என்று பார்த்தால் ஃபெர்ரிக் காசும் சாப்பாடும்தான். பைனாகுலர் ஒன்று எடுத்துப்போங்கள், வேல்ரிப்போர்ட் என்ற செயலியை முன்பே போனில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்ததை அதில் பதிந்தால் அந்தப் பக்கம் வரும் பெரிய கப்பல்களின் மாலுமிகளுக்கு எச்சரிக்கை போகும், அவர்கள் வேகம் குறைக்கவோ விலகவோ முடியும். கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஓர்காவுக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி இது.

மூன்றாவது, கயாக். இதற்கு வான்கூவர் தீவின் வடக்கே ஜான்ஸ்டன் நீரிணை வரை போகவேண்டும், நனைமோவில் ஃபெர்ரி இறங்கி சுமார் நாலு மணி நேரம் கார் ஓட்டவேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரை வடக்குக் கூட்டம் இங்கே சால்மனுக்காக வரும். ராப்சன் பைட் என்ற சின்ன வளைகுடாவில் கரையோரக் கூழாங்கற்களில் வயிற்றையும் முதுகையும் தேய்த்துக்கொள்ளும், மாடு மரத்தில் உரசிக்கொள்வது மாதிரி. உலகத்தில் எல்லா ஓர்காவும் இதைச் செய்வதில்லை, பக்கத்திலேயே இருக்கும் தெற்குக் கூட்டத்துக்குக்கூட இந்தப் பழக்கம் கிடையாது. 1982-லிருந்து அந்த வளைகுடா பாதுகாப்புப் பகுதி, மைக்கேல் பிக் என்ற ஆய்வாளரின் பெயரைப் பின்னால் அதற்குச் சேர்த்தார்கள். முதுகுத்துடுப்பின் வடுக்களையும் முதுகில் இருக்கும் சாம்பல் திட்டையும் போட்டோ எடுத்து ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று 1970-களில் காட்டியவர் அவர். பிக்ஸ் ஓர்கா என்ற பெயரும் அவர் நினைவாகத்தான். அந்த எல்லைக்குள் கயாக்கும் போகக்கூடாது, கரையில் காலும் வைக்கக்கூடாது. கோடையில் காவலர்கள் மேலே பாறை முகட்டில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வழிகாட்டியோடு நாலைந்து நாள் பயணத்துக்கு ஆளுக்கு 1500 டாலருக்கு மேல் ஆகும். கூடாரம், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். நீச்சல் தெரிவதைவிடக் குளிர் தாங்குவதும் சொன்னபடி கேட்பதும் முக்கியம். ஆகஸ்டிலும் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கவிழ்ந்தால் சில நிமிஷத்திலேயே விரல்கள் வேலை செய்யாது. காலையில் பனிமூட்டம், மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கிளம்பிவிடும், அதற்குள் கரை ஏறிவிடவேண்டும். சொந்தமாகக் கயாக் எடுத்துக்கொண்டு நாமே போய்விடலாம் என்று நினைக்கிறவர்களிடம் மட்டும் நான் கெஞ்சியே கேட்கிறேன், முதல் தடவை வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

கயாக்கில் சத்தம் இல்லை, அதனால் தொந்தரவும் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. சத்தமில்லாமல் போய்த் திடீரென்று பக்கத்தில் முளைத்தால் விலங்கு மிரளும். ஓர்காவுக்கு 200 மீட்டர் என்ற வடபகுதி விதி கயாக்குக்கும் உண்டு. நல்ல வழிகாட்டி ஓர்காவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் எல்லோரையும் கரையோரம் ஒதுக்கி, கயாக்குகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்வார். அவை தாமாகக் கடந்து போகும்வரை யாரும் துடுப்பைத் தொடக்கூடாது. கூன்முதுகுத் திமிங்கிலம் வந்தால் நேர் எதிர், கயாக்கின் பக்கத்தைத் தட்டிச் சத்தம் எழுப்புவோம், ஏனென்றால் அதற்கு ஓர்கா மாதிரி எதிரொலிக் கணக்குக் கிடையாது, நாம் இருப்பது தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு அடியிலிருந்து எழும்பிவிடும். இதே தீவின் கோல் ஹார்பரில் 1967 வரை திமிங்கிலம் வெட்டும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காணாமலே போயிருந்த கூன்முதுகு இன்றைக்கு வழியில் இடிக்குமோ என்று பார்த்துப் போகவேண்டிய அளவுக்குத் திரும்பியிருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

கயாக் முடியாது, ஆனால் வடக்குக் கூட்டத்தைப் பார்க்க ஆசை என்றால், அந்தப் பக்கத்தில் மெதுவாகப் போகும் பெரிய படகுகள் இருக்கின்றன. போர்ட் மெக்நீலிலிருந்து ஃபெர்ரி பிடித்து அலர்ட் பேயும் போய்வாருங்கள். 'நம்கிஸ் முதற்குடி மக்களின் ஊர் அது. பாட்லாட்ச் என்னும் அவர்களுடைய கொடை விழாக்களைக் கனடா அரசாங்கத்தார் 1885-லிருந்து 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து, 1921-ல் நடந்த ஒரு விழாவுக்குப் பின் முகமூடிகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவற்றைத் திரும்பக் கேட்டு வாங்கி, 1980-ல் உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் வைத்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடலில் ஓர்காவின் துடுப்பைப் பார்ப்பது வேறு அனுபவம்.

வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் டோஃபினோ பற்றியும் கேட்பார்கள். அழகான ஊர், ஆனால் ஓர்காவுக்காக அங்கே போகாதீர்கள். அங்கே சாம்பல் திமிங்கிலம், அப்புறம் கடல் வற்றின நேரத்தில் கரைக் கல்லைப் புரட்டி நண்டு தின்னும் கருங்கரடி. அந்த மேற்குக் கரையில் கடல் நீர்நாயும் இருக்கிறது. ரோமத்துக்காக அடியோடு அழிக்கப்பட்டு, 1969-க்கும் 1972-க்கும் இடையில் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட 89 நீர்நாய்களின் வம்சம் அவை.

இன்னும் வடக்கே இதே மாகாணக் கரையில் இருக்கும் கிரேட் பேர் மழைக்காடு தனிக் கணக்கு. ஆயிரக்கணக்கில் செலவாகும், ஓர்காவோடு ஒப்பிடக் கூடாது. அங்கே இருக்கும் வெள்ளைக் கரடி (வெள்ளையாகப் பிறக்கும் கருங்கரடி, பனிக்கரடி அல்ல) பார்க்க வேண்டும் என்று கனவு இருந்தால், சில வருஷம் சேர்த்துவைத்து, அந்த மண்ணின் முதற்குடி மக்களே நடத்தும் பயணமாகப் பார்த்துப் போங்கள். தலைக்கும் தோலுக்குமாகக் கரடியைக் கொல்லும் பரிசுவேட்டை வேண்டாம் என்று 2012-லேயே தங்கள் நிலத்தில் தடை அறிவித்தவர்கள் அவர்கள், மாகாண அரசு கிரிஸ்லி கரடி வேட்டையை நிறுத்தியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து.

இனி யாருக்கு எது? வயசானவர்களும் குழந்தைகளும் கூட இருந்து, இருப்பது ஒரே நாள் என்றால் கூரை போட்ட பெரிய படகு, மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுவிட்டு. ஐந்து நாளும் உடம்பும் காசும் இருந்தால் கயாக், வாழ்நாளில் ஒருமுறை செய்யவேண்டியது. இரண்டு நாள் இருக்கிறது, பொறுமை இருக்கிறது என்றால் சாட்டர்னா, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. பார்க்காமல் திரும்பினாலும் நம்மால் ஒரு தாய் இரையை விடவில்லை. வேகமான சோடியாக்கை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னொன்று, ஊரில் எந்த ஹோட்டலில் சாப்பிட்டாலும் சினூக்கை நான் தொடுவதில்லை, இங்கே ஸ்பிரிங் சால்மன் என்றும் எழுதியிருப்பார்கள், அதுவும் இதேதான்.

இந்த வருஷம் டொரன்டோவிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. படகு கேட்ட மருமகனிடம் பேசிப் பேசிச் சாட்டர்னாவுக்குச் சம்மதிக்க வைத்துவிட்டேன், செப்டம்பர் இரண்டாம் வாரம். நீங்களும் அந்தப் பக்கம் போவதானால் திரும்பும் கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தீவில் தங்கும் அறைகள் ரொம்பக் குறைவு, காரோடு கூடாரம் போட இடமே கிடையாது, ஓர்கா பெரும்பாலும் நாம் கிளம்பலாம் என்று எழுந்திருக்கும் நேரத்தில்தான் வரும்.